ஜௌபரின் இடது குதிகால்

"சேத்துக்குள்ள எறங்கினீங்களா?" டொக்டர் டிலுக்ஷி மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

"நான் முதலாளி, டொக்டர். அதெல்லாம் கூலியாக்கள் பாக்கிற வேல." இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜௌபருக்கு இரண்டு தரம் மூச்சு முட்டியது.

கட்டிலோரம் நின்ற மனைவி மர்ளியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் ஊசலாடும்போதுகூட இந்த மனிசனுக்கு வீறாப்பு விடவில்லையே! காரணம், கட்டிலின் மறுபக்கம் நின்ற இனாஸ் ஹாஜியார். மகள் ஃபஸ்னாவை அவரின் மகனுக்குப் பேசி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேச்சு நடந்த அன்று, தன்னிடம் பத்துப் பேர் வேலை செய்வதாகவும் தான் வரப்பில் நின்று பார்ப்பதோடு சரி என்றும் ஜௌபர் அளந்திருந்தார். வெங்காயத் தோட்டம் வைத்திருந்த ஹாஜியாரும் சளைக்கவில்லை. தன் காலில் சேறு பட்டுப் பத்து வருஷம் என்றார்.

நடந்தது மர்ளியாவுக்கு மட்டுமே தெரியும். பத்து நாளைக்கு முன் ஆலங்குடாவில் கொட்டிய மழையில் வெங்காயப் பாத்தியெல்லாம் மூழ்கியது. கூலியாட்களின் வீடுகளுக்குள்ளும் வெள்ளம், ஒருவரும் வரவில்லை. ஜௌபர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். பூட்ஸோடு வீதியில் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். வெறுங்காலோடு பொழுது சாயும்வரை பிடுங்கினார். "குதிகால் வெடிச்சிருக்கே" என்று அவள் கத்தியதற்கு, "எலிக்காய்ச்சல் குளிசை போட்டிருக்கேன், ஒண்டும் வராது" என்றார்.

"எலிக்காய்ச்சலும் இல்ல, டெங்குவும் இல்ல," என்றார் டொக்டர். "நியூமோனியா மருந்துக்கும் காய்ச்சல் எறங்கல்ல. உண்மையச் சொன்னாத்தான் என்னால ஏதும் செய்யலாம்."

ஜௌபர் மர்ளியாவைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின. அவள் போர்வையைப் பிடித்து இழுத்தாள். இடது குதிகாலின் வெடிப்பு சீழ் கட்டிக் கறுத்திருந்தது.

"பொய் சொல்றாரு, டொக்டர். ஒரு நாள் முழுக்க முழங்கால் சேத்துல நிண்டவரு. கூலிக்கு ஒருத்தரும் வரல்ல."

டொக்டர் குனிந்து காலைப் பார்த்தார். "ரத்தத்துல சீனி கூடின வருத்தத்தோட, புண்காலோட மழைச் சேத்துல நிண்டிருக்கார். எலிக்காய்ச்சல் குளிசை இதத் தடுக்காது. இது மண்ணுல இருக்கிற வேற கிருமியா இருக்கலாம், மெலியோய்டோசிஸ். ரத்தப் பரிசோதன முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் பாத்துட்டிருக்க ஏலாது, ஊசிய இப்பவே மாத்துறன்."

ஹாஜியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். கலியாணம் முறிந்தது என்றே மர்ளியா நினைத்தாள். முறிந்தால் முறியட்டும், பிள்ளைக்கு வாப்பா வேண்டும்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. டொக்டர் சொன்ன அதே கிருமிதான். காய்ச்சலோ அசையவில்லை. மர்ளியா ஓதாத துஆ இல்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை காய்ச்சல் விட்டு ஜௌபரின் நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. அவள் அழுதேவிட்டாள். காட்டிக்கொடுத்தவள் என்று அன்றிலிருந்தே அவளோடு கோபமாயிருந்த அவரோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஹாஜியார் வந்தார். வார்ட்டுக்குள் அவ்வளவு புழுக்கத்திலும் மனிசன் சால்வையால் போர்த்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று மர்ளியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் சாரன் நுனியை மெல்ல உயர்த்தினார். பெருவிரலில் அழுக்குத் துணிக்கட்டு.

"அண்டைக்கு எனக்கும் ஆள் வரல்ல, தங்கச்சி. நானும் எறங்கினேன். ரெண்டு நாளாக் காய்ச்சல். ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்லல்ல."

சுவரைப் பார்த்துக் கிடந்த ஜௌபர் திரும்பினார். "சீனியும் இருக்கா, ஹாஜியார்?"

ஹாஜியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மர்ளியா," என்றார் ஜௌபர், ஆறு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டு. "பாத்துட்டு நிக்காத. ஓடிப் போய் டொக்டரக் கூட்டிட்டு வா. எல்லாத்தையும் நீயே சொல்லு, இவரு சொல்ல மாட்டாரு."