முட்குவியலுக்கு ஒரு ஸலாம்

வெயில் உச்சிக்கு ஏறுமுன்பே முத்தலிப் மணலில் குந்திவிட்டான். குந்தியவன் சாய்ந்தான். சாய்ந்தவன் எழும்பவில்லை.

ஸெய்னுதீன் தோளிலிருந்த தண்ணீர்த் தகரத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடினான். தண்ணீர்ப் பொறுப்பு அவனுடையது. மூதூர்ப் பள்ளிக்கூடமொன்றின் மாணவர்கள் ஆறு பேர், சனி ஞாயிறு இரண்டு நாளும் கடற்கரை மணற்காட்டு வழியே வெருகல் ஆறுவரை நடப்பதென்று கிளம்பியிருந்தார்கள். “பாலைவனத்தைப் படிச்சாப் போதுமா, நடந்து பாக்க வேணாமா?” என்று ஆளைத் திரட்டியவன் ஜமால்தீன். மற்றவர்கள் அரிசி, கருவாடு, சீனி என்று ஏற்றுக்கொண்டார்கள். பாண் ரொட்டிக்கே விடியமுன் வரிசையில் நிற்கிற காலம். ஸெய்னுதீன் வீட்டில் எடுத்துக் கொடுக்க என்ன கிடந்தது? “தண்ணிய நான் சுமக்கிறன்” என்றான்.

அவன் வாப்பா சீனன்குடாவில் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டுகிறவர். வீட்டில் எதற்குப் பஞ்சமென்றாலும் வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குப் பஞ்சமில்லை. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்துத்தான் கொண்டுவந்தான். முதல் நாள் மந்தாரம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்றைய வெயிலில் தகரம் காய்ந்ததும், பொருத்துகளில் ஒளிந்திருந்த எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. தாகம் பொறுக்காமல் மடக்கு மடக்கென்று குடித்த முத்தலிப் குடலே வெளியே வருகிற மாதிரிக் கக்கினான். மற்றவர்கள் மோந்து பார்த்ததோடு சரி.

“லாம்புக்கு ஊத்துறதயாடா எங்களுக்கு ஊத்தினாய்?” என்றான் ஜமால்தீன்.

தாழம்புதரின் நிழலுக்கு முத்தலிபை இழுத்துப் போனார்கள். அங்கே மணல் மேடுகட்டி, மேலே முட்கொப்புகள் நெருக்கி அடுக்கியிருந்தது. ஊர் மையவாடியில், ஆளைப் புதைத்த புதுக் கபுறை நரி தோண்டாமலிருக்க இப்படித்தான் முள் வைப்பார்கள். கண்டதும் எல்லாரும் தொப்பியைச் சரிசெய்து ஸலாம் சொன்னார்கள்.

“அவுலியா ஆராச்சும் அடங்கியிருப்பாங்க. அந்தப் பக்கம் காலை நீட்டாதீங்கடா” என்றான் ஜமால்தீன்.

முத்தலிபின் உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தது, ஆளைப் பார்க்கவில்லை. இவன் உம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஸெய்னுதீன் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் முட்களுக்கடியிலிருந்து ஒரு தவளை வெளியே தத்தியது. முதுகு மினுமினுவென்று ஈரம். வெந்த மணலில் கால் பட்டதும் திரும்பி உள்ளேயே பாய்ந்தது.

ஸெய்னுதீன் எழுந்து முட்கொப்பொன்றைப் பிடித்து இழுத்தான்.

“டேய், பைத்தியமா? கபுறுடா” என்று ஜமால்தீன் அவன் கையைப் பிடித்தான்.

“பாவமெண்டா என்ர தலையில வரட்டும். விடு. இவன் மவுத்தானா இன்னொரு கபுறு நாமதான் தோண்டணும்.”

முள் உள்ளங்கையைக் கிழித்தது. மேடாகக் கிடந்தது சுற்றிவரத் தோண்டிப்போட்ட மணல்; நடுவே முள்ளுக்கடியில் தென்னங்கிடுகு, கிடுகுக்கடியில் குழி. குழிக்குள்ளே கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஓரத்தில் ஒரு சிரட்டைகூடக் கிடந்தது. குப்புறப் படுத்து அள்ளி நாவில் வைத்தான். உப்பில்லை. இளநீர் தோற்றது.

முதல் சிரட்டையை முத்தலிபின் தலையில் ஊற்றினான். இரண்டாவதைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டான். நாலைந்து சிரட்டைக்குப் பிறகு அவன் இருமினான், மூச்சு வாங்கினான், ஸெய்னுதீனின் முகத்தை அடையாளம் கண்டான்.

“நாயே” என்றான்.

ஸெய்னுதீனுக்கு நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்கியது.

குடத்தோடு வந்த ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். பின்னால் தூரத்தில் மீன்பிடி வாடியின் கூரை தெரிந்தது.

“ஆர்ர பிள்ளையள் நீங்கள்? எங்கட தண்ணிப் பூவல ஏன் திறந்து போட்டிருக்கிறியள்? மாடு இறங்கினா எல்லாம் சேறாப் போயிரும். அதுக்குத்தானே முள்ளுப் போட்டு வச்சது.”

“மன்னிக்கோணும் அக்கா, கபுறெண்டு நினைச்சிட்டம்” என்றான் ஜமால்தீன்.

“என்னது?”

“ஸலாமும் சொன்னவங்க” என்று கிடந்தபடியே காட்டிக்கொடுத்தான் முத்தலிப்.

அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். “இந்தக் கதைய எங்கட வாடியில சொன்னா இண்டைக்கு ஒருத்தரும் வலை இழுக்க மாட்டினம். குடியுங்கோ தம்பிமார், வேணுமட்டும் குடியுங்கோ. போகக்குள்ள மூடிப்போட்டுப் போங்கோ.”

ஜமால்தீன் குழிக்குள் தலையை விட்டே குடித்தான். முத்தலிப் எழுந்து உட்கார்ந்து, ஸெய்னுதீனை ஏச ஆரம்பித்தான். அவனை ஏசி, அவன் தேய்த்த சாம்பலை ஏசி, இப்படியொரு பிள்ளையைப் பெற்ற குடும்பத்தை ஏசினான். ஏச ஏசக் குரல் தேறியது. ஒவ்வொன்றுக்கும் “ஓம் மச்சான், ஓம்” என்று தலையாட்டியபடி ஸெய்னுதீன் சிரட்டையை நிரப்பி நிரப்பி நீட்டினான். இப்படி ஏசுகிறவன் சாகமாட்டான்.

தான் இன்னும் ஒரு மிடறும் குடிக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.