வட்டத்தில் எல்லோரும் யாரைப் பார்க்கிறார்கள்

1

இந்தக் கதை பிட்ஸ்பர்க் மதுக்கடை ஒன்றில், குழாய் வேலைக்காரர்கள் இருவர் போட்ட சண்டையில் பிறந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஒரு குவார்ட்டர்பேக் 'எலீட்' எனும் உச்ச ரகமா, வெறும் நல்ல ஆட்டக்காரன்தானா என்பது வழக்கு. ஒருவர் புள்ளிவிவரத்தை வீசினார். மற்றவர் கோழி எலும்பை வீசினார். இத்தனை வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் 'எலீட்' என்றால் என்னவென்று எனக்குப் புரிந்ததில்லை. (தொலைக்காட்சியில் கோட்டு போட்ட நால்வர் தினமும் விளக்குகிறார்கள். அதனால்கூட இருக்கலாம்.)

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டும் மைதானத்தில் மாவீரன் கேலன் ஆஸ்டர், சிங்கத்தைப் போல..." வேண்டாம். இது கோட்டுக்காரர்களின் நடை.

இரண்டாவது: ஹலுஸ்கா சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆட்டம் பார்ப்பார். இதுவே இருக்கட்டும்.

ஒருகாலத்தில் ஆடி, பயிற்சியும் தந்த ஹலுஸ்கா இப்போது ஓர் அணிக்காக ஆட்டக்காரர்களை எடைபோடுபவர். அந்த அணி, வேறோர் அணியில் ஆடும் குவார்ட்டர்பேக் ஆஸ்டரை வாங்கத் துடிக்கிறது. எதிரணித் தடியர்கள் பாய்ந்து வந்தாலும் இமைக்காமல் நின்று பந்தை ஏவுகிறானாம். பட்டம்: பனிக்கட்டி. கேமராக்கள் அவன் கண்களையே மொய்த்தன.

ஹலுஸ்கா கண்ணையும் பார்க்கமாட்டார், பந்தையும் பார்க்கமாட்டார். ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் அணி வட்டமாகக் கூடும்; குவார்ட்டர்பேக் திட்டத்தைச் சொல்வான், மற்றவர்கள் அவன் வாயைப் பார்ப்பார்கள். அந்த வட்டம்தான் அவருக்கு ஆட்டம்.

அக்டோபரில் ஆஸ்டரின் தலை தரையில் மோதியது. அதற்குப் பிந்தைய ஆட்டங்களில் வட்டமே டெட்ரிக்கைப் பார்த்தது. குனிந்து பந்தை ஆஸ்டரிடம் தள்ளிவிடும் முன்வரிசைக்காரன் அவன். ஆஸ்டரும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

3

ஹலுஸ்கா காலைச் சிற்றுண்டிக் கடைக்கு டெட்ரிக்கை வரச் சொன்னார்.

"திட்டத்தை நீதான் சொல்றியா?"

"அவனுக்கு மறந்துடுது கோச். ஞாபகப்படுத்துனா போதும், கை தானா எறியுது."

"டாக்டர் பரிட்சையில எப்படிப் பாஸானான்?"

டெட்ரிக் சிரித்தான். "சீசனுக்கு முன்னாடி ஒரு மூளைப் பரிட்சை வைப்பாங்கல்ல? அதுல எல்லாரும் வேணும்னே சொதப்புவோம். அப்புறம் மண்டை ஒடஞ்சாலும் அதே மார்க்குதான் வரும். உங்க காலத்துல இந்தப் புத்தி இல்லபோல."

"எங்க காலத்துல பரிட்சையே இல்லடா."

"வெளிய சொல்லிடாதீங்க. இது போச்சுன்னா அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

டெட்ரிக்கோடு வந்து கைகழுவப் போயிருந்த ஆஸ்டர் வந்து உட்கார்ந்தான். ஹலுஸ்காவின் தொப்பியைக் கிண்டலடித்தான். "இதப் போட்டுக்கிட்டா என்னை எடை போடுறீங்க? முதல்ல இத எடைக்குப் போடுங்க." மூவரும் சிரித்தார்கள். பிறகு மேசையைப் பார்த்தான்.

"டெட்ரிக், நான் என்ன வேணும்னு சொல்லிட்டேனா?"

"சொல்லிட்டடா. முட்டை, உருளைக்கிழங்கு."

ஆஸ்டர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. டெட்ரிக் பரிமாறும் பெண்ணுக்கு விரலால் சைகை காட்டினான்.

(ஹலுஸ்காவை ரொம்ப நல்லவராக்குகிறேனோ? அந்தக் கணத்தில் அவர் மனத்தில் வந்தது இரக்கமல்ல, 'நான் நினைத்தது சரி' என்ற குஷி. இரக்கம் காபிக்குப் பிறகுதான் வந்தது.)

4

அணி அலுவலகம். ஆஸ்டர் பெயர் போட்ட சட்டைகள் ஏற்கெனவே தைத்தாயிற்று.

"வளவளன்னு வேணாம்யா" என்றார் மேலாளர். "எலீட்டா, இல்லையா?"

ஹலுஸ்கா வாயைத் திறந்தார்.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார். இந்த அணி கைவிடுகிறது. சத்தத்தோடு ஆட்டம் பார்க்கும் இன்னொரு அணி அவனை வாங்குகிறது.

முடிவு இரண்டு: "எலீட்" என்கிறார். முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டர் ஜெயிக்கிறான். கோட்டுக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். அவன் எந்த வாசல் வழியாக வெளியே போவது என்று தேடுகிறான்.

முடிவு மூன்று: ஆஸ்டரும் அந்த அறையில் இருக்கிறான். தானாகவே எழுந்து, "எனக்கு..."

எழுத வரவில்லை. ஹலுஸ்காவின் வாய் இன்னும் திறந்தபடி இருக்கிறது. அதில் போட உங்களிடம் ஒரு வார்த்தை இருந்தால் போடுங்கள். மூன்றாவது முடிவின் மிச்ச வரி தோன்றினால் டெட்ரிக்கிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்டருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். டெட்ரிக்குக்குப் பழக்கம்தான்.