வடக்குப் பக்கத்து பெஞ்சு

பிரெய்ரி கூட்டமைப்பில் பத்துப் பல்கலைக்கழகங்கள். அவற்றில் ஒன்று புதிய கூடைப்பந்து அரங்கம் திறந்தால் மற்ற ஒன்பதுக்கும் காய்ச்சல் கண்டுவிடும். வேதியியல் கட்டடத்தில் மழைக்கு வாளி வைத்திருப்பார்கள். அது ஜலதோஷம் மாதிரி, தானாகச் சரியாகிவிடும். அரங்கக் காய்ச்சலுக்கு மட்டும் உடனே வைத்தியம்.

முன்பெல்லாம் யாருடைய அரங்கம் பெரியது என்று போட்டி. இப்போது யாருடையது சிறியது என்று. பன்னிரண்டாயிரம் இருக்கைகளை ஒன்பதாயிரமாகக் குறைத்த ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, "நெருக்கமான அனுபவம்" என்றார். அடுத்த ஆண்டே இன்னொருவர் எட்டாயிரத்து ஐந்நூறு என்று அவரை முந்தினார். இந்த வேகத்தில் போனால் ஒரே ஒரு பணக்காரர் சாய்வு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து பார்க்கும் அரங்கமும் வரும், அதற்கும் ஆளுநர் வந்து ரிப்பன் வெட்டுவார் என்று கார்லிஸ் வாண்டஹை நினைத்ததுண்டு. வெளியே சொன்னதில்லை. அவள் மார்ல் கிரீக் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் கட்டட ஒருங்கிணைப்பாளர். வயது முப்பத்தொன்று. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகும், பூட்டியது சரியான கதவுதானா என்ற சந்தேகத்தோடுதான் வீட்டுக்குப் போவாள்.

மார்ல் கிரீக்கின் முறை வந்தபோது மற்ற ஒன்பது அரங்கங்களையும் பார்த்துவர அவளைத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்து நாற்பத்தொரு பத்திகள் உள்ள அட்டவணை ஒன்றைத் தயாரித்தாள். கோப்பை வைக்கும் குழியின் அகலம்கூட அதில் இருந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் பிராட்ஃபர்ட் கெசிங்கர் அந்த அட்டவணையை உணவு விடுதியின் மெனுவைப் போலப் படித்தார். ஓரிடத்திலிருந்து தோல் நாற்காலிகள். இன்னோரிடத்திலிருந்து தொங்கும் ஸ்கோர் பலகை, ஆனால் அதைவிட ஓர் அடி அகலமாக. மூன்றாவது இடத்திலிருந்து கண்ணாடிச் சுரங்கம்.

கண்ணாடிச் சுரங்கம்தான் எல்லாவற்றுக்கும் மகுடம். உடைமாற்றும் அறையிலிருந்து வீரர்கள் மைதானத்துக்கு ஓடிவரும் வழி. இருபுறமும் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நன்கொடையாளர்களின் விருந்துக்கூடம். அவர்கள் மாட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருக்கையில் பையன்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். சுரங்கத்துக்குப் பணம் கொடுத்தவர் உர வியாபாரி லைல் ஸ்டூல்கே. கட்டடத்துக்கே ஸ்டூல்கே உர அரங்கம் என்று பெயர். மாணவர்கள் முதல் நாளே அதை எருக்குழி ஆக்கினார்கள். அங்கே நன்கொடை இல்லாமல் வைக்கப்பட்ட ஒரே பெயர் அதுதான்.

திறந்த முதல் பருவத்திலேயே மார்ல் கிரீக் சொந்த மண்ணில் ஏழு ஆட்டங்கள் தோற்றது. ஏழும் மயிரிழையில். எதிரணி கடைசி நிமிடங்களில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும், யாரும் தடுக்க மாட்டார்கள், நிதானமாக எறியலாம், எறியும், விழும். ஒரு வெளியூர்ப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்து போகும்போது கெசிங்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையான இடம்யா. எங்க பசங்க லைப்ரரில உக்காந்த மாதிரி ஃபீல் பண்றாங்க. அடுத்த வருஷம் ரெண்டு தடவை வரலாமா?"

கெசிங்கர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் அரங்கத்தில் சூடு போதவில்லை என்று ஓர் ஆலோசகரை வரவழைத்தார். ஆலோசகர் இரண்டு நாள் தங்கி, பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டுப் போனார். பழி பயிற்சியாளர் ரோலி ஸ்டென்ஸ்ருட் தலையில் விழுந்தது. பதினான்கு ஆண்டுகளாக அணியை வளர்த்தவர். பிப்ரவரியில் ஒருநாள் கெசிங்கர் கார்லிஸைக் கூப்பிட்டு, கோச் அறையின் தரைவிரிப்பை அளந்து வைக்கச் சொன்னார்.

"கிழிஞ்சிருக்கா?"

"கிழியல. அடுத்து வர்றவருக்கு வேற கலர் பிடிக்கலாம். சனிக்கிழமை கடைசி ஆட்டம். தோத்தா ரோலி கிளம்பிடுவாரு. வெளிய சொல்லிடாத."

கார்லிஸ் அளந்தாள். அளக்கும்போது கோச் நாற்காலியைத் தூக்கி அவளுக்கு உதவினார், எதற்கென்று கேட்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. அன்று மாலை பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டு, எதிரணியின் எறிகளைத் தனித்தனியாகக் குறித்தாள். பழைய கட்டடத்தில் இரண்டாம் பாதியில் பத்துக்கு ஆறு விழுந்திருக்கிறது. புதியதில் பத்துக்கு எட்டுக்கு மேல். கூடையின் உயரத்தைப் போய் அளந்தாள். சரியாக இருந்தது. பிறகுதான் பதிவுகளைச் சத்தத்தோடு போட்டுப் பார்த்தாள். பார்த்ததும் கட்டட வரைபடத்தை எடுத்து விரித்தாள்.

கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் முதல் பாதியில் தன் பெஞ்சுக்குத் தூரத்துக் கூடையில் போடும். இரண்டாம் பாதியில் பெஞ்சுக்குப் பக்கத்துக் கூடையில். பழைய கட்டடத்தில் மார்ல் கிரீக்கின் பெஞ்சு தெற்கே. வந்தவர்கள் வடக்கே. வடக்குக் கூடைக்குப் பின்னால்தான் மாணவர்கள். ஆட்டம் சூடேறும் நேரத்தில் வந்தவன் கோட்டில் நின்று நிமிர்ந்தால், பன்றி வேஷம் போட்டவனும், எறிபவனுடைய எட்டாம் வகுப்புப் புகைப்படத்தைக் கதவளவு பெரிதாக்கிப் பிடித்திருப்பவளும், இரண்டாயிரம் தொண்டைகளும் கண்ணெதிரே நிற்கும். கை நடுங்காமல் என்ன செய்யும்?

புதிய கட்டடத்தில் மாணவர்களை வடக்கேயே விட்டார்கள். அவர்களுக்கு அடியில் விருந்துக்கூடம். சுரங்கம் அங்கிருந்து வெளியே வருவதால் மார்ல் கிரீக்கின் பெஞ்சையும் வடக்கே கொண்டுவந்தார்கள். ஆக, கடைசி நிமிடங்களில் மாணவர்களின் முன்னால் நின்று எறிபவர்கள் சொந்தப் பையன்கள். அவர்கள் கவனம் கலையக் கூடாதென்று இரண்டாயிரம் பேரும் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் எறிந்த தெற்கிலோ தோல் நாற்காலிகள். இடைவேளைக்கு விருந்துக்கூடத்துக்குப் போன கனவான்கள் திரும்பி வராததால் அவையும் காலி. எந்தக் கல்லூரியைப் பார்த்துச் சுரங்கம் கட்டினார்களோ, அங்கே மாணவர்கள் எதிர்முனையில் இருந்தார்கள். நாற்பத்தொரு பத்திகளில், யார் எந்தப் பக்கம் கத்துகிறார்கள் என்று ஒரு பத்தி இல்லை.

பெஞ்சு எந்தப் பக்கம் என்று கட்டட வரைவாளர் கேட்டிருந்தார். வரைபடத்தில் அம்புக்குறி போட்டுப் பக்கத்தில் பெயரெழுத்தும் போட்டது யார் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

கெசிங்கரிடம் போய்ச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பெஞ்ச நகர்த்த முடியாது, கார்லிஸ். விருந்துக்கூடத்துல லைலோட மேசைக்கு எதிர்ல ஜன்னல் இருக்கு. கோச் பசங்களத் திட்டறத முதுகுப் பக்கமிருந்து பாக்கணும்னுதான் அவர் பணமே குடுத்தாரு. ஒப்பந்தத்துல இருக்கு."

"ஆனா தப்பு கோச் மேல இல்லையே. கட்டடத்து மேல..."

"கட்டடத்த யாரும் வேலைய விட்டுத் தூக்க முடியாது. அம்புக்குறி யாரோடது?"

"என்னோடது."

"அப்ப அத பத்தி ரெண்டு பேரும் பேச வேண்டாம்."

வியாழக்கிழமை அவள் கோச்சிடமும் சொன்னாள். அவர் நெடுநேரம் சிரித்தார், சந்தோஷமில்லாமல்.

"வருஷம் பூரா பசங்கள மாடிப்படி ஏற வெச்சு நாக்கத் தள்ள வெச்சேன். மனசுல உறுதி இல்லன்னு திட்டினேன். சுரங்கம் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னதும் நான்தான்."

"பெஞ்ச மாத்திடலாம் கோச். அது நம்ம இஷ்டம், ரூல்லயே இருக்கு."

"என்கிட்ட கேக்காத, கார்லிஸ். கேட்டா வேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்கும்."

அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை, வெளியே முழங்கால் பனி. மடக்கு நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் வரிசையாக விரித்தாள். வந்தவர்களுடையவற்றை வடக்கே போட்டாள். எதிரணி மேலாளர் வந்ததும், யாருக்கு எந்தப் பக்கம் பெஞ்சு என்று அச்சடித்த தாளை நீட்டினாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வாங்கிக்கொண்டான்.

ஸ்டூல்கே பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு ஜன்னலருகே உட்கார்ந்தார். எதிரே கூட்டமைப்பில் முதலிடத்தில் இருக்கும் எதிரணியின் பதினைந்து முதுகுகள். இடைவேளைக்குக் கெசிங்கர் கார்லிஸைத் தேடிவந்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

"இப்பவே திருப்பிப் போடு!"

"பாதி ஆட்டத்துல பெஞ்சு மாத்த ரூல் இடம் குடுக்காது. நடுவரக் கேட்டுப் பாருங்க."

கெசிங்கர் நடுவரைக் கேட்டார். நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. எதிரணி முதல் தடவை வடக்குக் கோட்டில் நின்றபோது மாணவர்கள் பழக்கதோஷத்தில் உதட்டில் விரல் வைத்துவிட்டார்கள். மாணவர் தலைவி இமோஜென் பிராட் நாற்காலி மேல் ஏறித் திரும்பி நின்றாள்.

"அடப் பாவிங்களா, யாருக்குடா ஷ்ஷ்? இது அவனுங்கடா! கத்துங்கடா!"

ஒரு வருடத்துச் சத்தம் மொத்தமாக வெளியே வந்தது. இரண்டாயிரம் பேர் குதித்ததில் அடியிலிருந்த விருந்துக்கூடத்தின் சரவிளக்குகள் ஆடின. ஒன்பது வினாடி மிச்சம், மார்ல் கிரீக் ஒரு புள்ளி முன்னால், எதிரணியின் சிறந்த எறியாளனுக்கு இரண்டு வாய்ப்பு. முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை.

அன்று யாரும் கோச்சின் தரைவிரிப்பைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை கெசிங்கர் கார்லிஸைக் கூப்பிட்டார். கோச்சும் இருந்தார், மூன்று ஆண்டுப் புதிய ஒப்பந்தத்தில் மை அப்போதுதான் காய்ந்திருந்தது. மேசையில் ஸ்டூல்கேவுக்கு முகவரியிட்ட ஒரு கடிதம். நாற்காலிகள் தவறுதலாக இடம் மாறிவிட்டன, மன்னிக்கவும். கீழே அவள் பெயர்.

"கையெழுத்துப் போட்டா வேலை இருக்கும்," என்றார் கெசிங்கர். "இல்லன்னா என்னால எதுவும் பண்ண முடியாது."

"அடுத்த வருஷம் பெஞ்சு எங்க?"

"வடக்கேதான்."

அவள் கோச்சைப் பார்த்தாள். கோச் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். "எனக்கு அம்பத்தாறு வயசும்மா," என்றார். "போட்டுரு. ஒரு கையெழுத்துதானே."

எத்தனையோ வாக்கியங்களை எழுதி அடித்து, திரும்ப எழுதி, 'எனக்குத் தெரிந்தவரை' என்று சேர்த்து அனுப்பியவள் அவள். இந்த முறை தாளைத் திருப்பி ஒரே மூச்சில் எழுதினாள்: பெஞ்சைத் தவறாக வைத்தது சென்ற ஆண்டு. சரியாக வைத்தது சனிக்கிழமை. இரண்டையும் செய்தது நான்.

"இத லைலுக்கு அனுப்ப முடியாது," என்றார் கெசிங்கர்.

"நீங்க சிரமப்படாதீங்க. நானே குடுத்துக்கறேன்."

உர ஆலை ஊருக்கு வெளியே பதினோரு மைல். ஸ்டூல்கே கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கடைசி ரெண்டு எறிய நான் பாக்கலம்மா. உங்க டைரக்டரத் திட்டிக்கிட்டு இருந்தேன். மேல குதிச்சதுல சாண்ட்விச்சுல சுண்ணாம்பு வேற கொட்டிருச்சு. எப்படி இருந்துச்சு?"

கார்லிஸ் சொன்னாள். பையன் பந்தை மூன்று முறை தட்டியதை, பன்றி வேஷக்காரன் முகமூடியைக் கழற்றி வெறும் முகத்தோடு அழ ஆரம்பித்ததை, அதைப் பார்த்துப் பையனின் முழங்கை விலகியதை. கிழவர் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

"அடேயப்பா! அத நான் பாத்திருக்கணும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா பெஞ்சு வடக்கேதான் இருக்கும், பொண்ணே. ஜன்னலுக்கு நான்தானே பணம் குடுத்தேன். உனக்கு வேலை இன்னும் இருக்கா?"

"காலைல வரைக்கும் இருந்துச்சு."

"ஐயோ," என்றார் அவர்.

கார்லிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க, மிஸ்டர் ஸ்டூல்கே. அடுத்த வருஷம் வர்றவங்க எறிஞ்சதெல்லாம் விழும். மேல ஒருத்தரும் குதிக்க மாட்டாங்க. சுண்ணாம்பு கொட்டாம சாப்பிடலாம்."