பூட்டுப் போடும் வேடம்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். அச்சுக்குப் போகுமுன் புரூப் தாளில் பிழை பார்க்கிற வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி வேறு கிடையாது. சிவகாசியில் சண்முகவேல் முதலாளியின் அச்சாபீசில் பதினோரு வருஷமாக நான்தான் புரூப் ரீடர். காலண்டரில் அமாவாசை சரியான தேதியில் விழுந்திருந்தாலும் பஞ்சாங்கத்தை எடுத்து இன்னொரு தரம் பார்ப்பேன். பட்டாசு லேபிளில் கிளிப் படத்துக்குக் கீழே கிளி என்றுதான் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். "பெத்தணன் தாலி கட்டுறப்பவே பொண்ணுக்கு மூக்கு இருக்கான்னு தடவிப் பாத்திருப்பான்" என்று எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர்கள் என்னைக் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

1963 ஆடி மாதம் அந்த நாவல் வந்தது. தீபாவளி சீசன் லேபிள் ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் எவனாவது நாவல் அச்சடிப்பானா? முதலாளி ஒத்துக்கொண்டார். மதுரையில் வாடகைப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் கேட்டாராம். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம்.

எழுதியவர் பெயர் வானவன் என்று போட்டிருந்தது. சொந்தப் பெயரில் எழுதத் துணியாத ஆள் என்று குறித்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் கொண்டுவந்து கொடுத்தவள் வள்ளித்தாய். இருபத்தைந்து வயதிருக்கும். பட்டாசு கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள், விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருக்கும். அப்பா சொல்லச் சொல்லத் தான் எழுதுவதாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கு வலது கை போச்சுண்ணே. அஞ்சு வருசத்துக்கு முந்தி கம்பெனியில தீப்பிடிச்சப்ப உள்ள கெடந்த பொம்பளைகளக் காப்பாத்தப் போனாக. ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, எங்கப்பாவப் பத்தி எம்புட்டுப் பெருமையாச் சொல்லுவாகன்னு."

நாவல் நடப்பது 2063இல். வைப்பாற்றங்கரையில் வேடபுரி என்று ஒரு பூங்கா. அந்தக் காலத்தில் எல்லா வேலையையும் இயந்திரங்களே செய்துவிடுவதால் ஜனங்களுக்குப் பொழுது போகவில்லை. மெட்ராசிலிருந்து அரை மணி நேரத்தில் பறந்து வருகிறார்கள். வாசலில் ஒரு இயந்திரம், "இன்று யாராக இருக்க விருப்பம்?" என்று கேட்டுப் பித்தளை வில்லை ஒன்றைக் கொடுக்கும். ஜமீன்தாராக இருக்கலாம், திருடனாக இருக்கலாம், கல்யாணப் பெண்ணாகவும் இருக்கலாம். சாயங்காலம் வரை அந்த வேடம்தான். வியர்வை என்றால் என்னவென்று தெரியாதவர்கள் களையெடுத்துவிட்டு, கொப்புளத்தை ஒருவருக்கொருவர் காட்டிச் சந்தோஷப்படுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது.

ஏழாவது அத்தியாயத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பூங்காவின் ஒரு மூலையில் நூறு வருஷத்துக்கு முந்தைய பட்டாசு ஆலை. அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லாம் இயந்திரங்கள், பார்த்தால் மனுஷிகள்தான். வருகிறவர் எடுத்துக்கொள்ளக் கங்காணி வேடம் இருக்கிறது. பதினொரு மணிக்கு ஆலையைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரின் கார் வரும். அனுமதித்த கணக்குக்கு மேல் ஆறு பெண்கள் வேலையில் இருப்பார்கள். அவர்களை வெடிமருந்து வைத்திருக்கும் தகரக் கொட்டகைக்குள் தள்ளி, வெளியே பூட்டுப் போட்டு, காலிக் கொட்டகை மாதிரிக் காட்டவேண்டும். அதுதான் கங்காணியின் வேலை. பிறகு கொட்டகை வெடிக்கும். மறுநாள் இயந்திரப் பெண்களைச் சரிசெய்து திரும்ப நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த வேடத்தை ஒரு தடவை போட்டவர் மறுபடி போட்டதில்லை. ஒருவன் வில்லையை ஆற்றில் எறிந்துவிட்டு ஓடிப்போனான். கடைசியில் பூங்காக்காரர்கள் ஒரு கிழட்டு இயந்திரத்தைக் கங்காணியாக வைத்துவிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தி, கொட்டகைக்குள் போகுமுன் நூலால் கட்டிய கொண்டையைச் சரிசெய்துகொண்டாள் என்று ஒரு வரி இருந்தது.

என் தங்கை கருப்பம்மாள் கொண்டையை நூலால்தான் கட்டுவாள்.

சாத்தூருக்குத் தெற்கே ஒரு கம்பெனியில் 1958இல் கொட்டகை வெடித்து ஆறு பெண்கள் செத்தார்கள். அவள் அதில் ஒருத்தி. கதவு திறந்தே கிடந்தது என்றும், கருப்பம்மாள் இரும்புக் கொண்டை ஊசி குத்திக்கொண்டு வந்ததால்தான் பொறி பறந்தது என்றும் கம்பெனியார் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை அதோடு முடிந்தது. மற்ற ஐந்து பேரும் எங்கள் ஊர்ப் பெண்கள். அன்றிலிருந்து என் அம்மா பஞ்சம்மாளுக்குப் பக்கத்து நிரையில் நின்று களையெடுக்க ஒருத்தியும் வரவில்லை. அஞ்சு குடும்பத்தை அழித்தவளைப் பெற்றவள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பருத்திக்காட்டில் அவள் தனியாகக் குனிந்து நிற்பாள். ஊசி பொய் என்று எனக்குத் தெரியும். நிரூபிக்க ஒரு சாட்சி கிடையாது.

இப்போது இந்த நாவல். முதலில் முதலாளியைச் சந்தேகப்பட்டேன். அந்தக் கம்பெனிக்கும் நாங்கள்தான் லேபிள் அடிக்கிறோம். நான் வாய் திறக்கிறேனா என்று பார்க்கத் தூண்டில் போடுகிறார்களோ? பிறகு வள்ளித்தாயைச் சந்தேகப்பட்டேன்; அவள் அப்பாவுக்குக் கை போனதும் அதே ஐந்து வருஷத்துக்கு முன்புதான். அதுவும் போக, வெறும் கற்பனையாகவும் இருக்கலாமே? பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களில் நூல் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். கதையை நம்பிக் கொதித்து, கடைசியில் நானே கோமாளியாகிவிடக் கூடாது.

அதனால் பதினோரு வருஷத்தில் செய்யாத ஒரு காரியம் செய்தேன். புரூப்பில் தெரிந்தே ஒரு பிழை வைத்தேன். 'நூலால் கட்டிய கொண்டையை' என்பதை 'ஊசி குத்திய கொண்டையை' என்று மாற்றிக் கோக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புரூப்போடு அச்சங்குளம் போனேன். "அப்பா யாரையும் பாக்க மாட்டாகண்ணே" என்று வள்ளித்தாய் முன்பே சொல்லியிருந்தாள். ஆசிரியர் பார்க்காமல் பாரம் அச்சு மிஷினில் ஏறாது என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தேன்.

அவர் பெயர் சோலைச்சாமி. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டுக்குக் கீழே வலது கை உருகிச் சுருண்டிருந்தது. சுவரோரம் சாத்தூர் நூலகத்துப் புத்தகங்கள் அடுக்காக இருந்தன. வேலையில்லாத ஐந்து வருஷமும் அவற்றைத்தான் படித்தாராம்.

"வாங்க தம்பி. உக்காருங்க. கதை நல்லாருக்கா?"

"நல்லாருக்கு அண்ணாச்சி. நீங்களே ஒருதரம் பாத்துட்டீகன்னா ஏத்திருவோம்."

நான் யாருடைய அண்ணன் என்று சொல்லவில்லை. அவர் தாளை மடியில் வைத்துப் படித்தார். வள்ளித்தாய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். 'இயந்திரம்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. ஒரு வரி தலைகீழாக ஏறியிருந்தது, அதையும் தாண்டிப் போனார். நான் வைத்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது தப்பால்ல இருக்கு."

"எது அண்ணாச்சி?"

"ஊசின்னு போட்டிருக்கு. ஊசி இல்ல. நூலு. செவப்பு நூலு."

சிவப்பு என்று கைப்பிரதியில் எங்குமே கிடையாது. அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூல் அது.

"நூறு வருசம் கழிச்சு வரப்போற இயந்திரப் பொம்பளை. அவ தலையில ஊசி இருந்தா என்ன, நூலு இருந்தா என்ன?"

அவர் இடது கை விரலால் அந்த வரியை மறைத்தார்.

"அவ பேரு கருப்பம்மா. நான் அவ கூடப்பொறந்தவன்."

சோலைச்சாமியின் கையிலிருந்து தாள் நழுவியது. கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தப்பிக்க வழி தேடுகிற ஆள் மாதிரி இருந்தது. அந்தக் கழுத்தைப் பிடித்து நெரித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது நிஜம்.

"எங்கப்பாவ எதுக்கு மெரட்டுறீக?" என்று வள்ளித்தாய் குறுக்கே வந்தாள். "கதவு தொறந்துதான் கெடந்துச்சு. உள்ள பாஞ்சு தூக்கப் போயித்தான் எங்கப்பாவுக்கு இந்தக் கதி. எழுதுனது வெறும் கதைண்ணே. நாந்தான எழுதுனேன், எனக்குத் தெரியாதா?"

"அவுககிட்டயே கேளும்மா. கையி எதுல வெந்துச்சுன்னு கேளு."

அவள் கேட்கவில்லை. ஆனால் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கிழவருக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"பூட்டுலம்மா" என்றார். "நான் போட்ட பூட்டு. வெடிச்ச பொறகு ஓடிப்போயித் தொறந்தேன். பூட்டு பழுக்கக் காஞ்சிருந்துச்சு. தொறந்துட்டுத்தான் மயங்கி விழுந்தேன். சனம் வந்து பாக்கையில கதவு தொறந்து கெடந்துச்சு. கம்பெனி மொதலாளி ஆசுபத்திரிக்கு வந்து, நீ வாயத் தொறக்காத, ஓம் மகளுக்கு வேல தாரேன்னாரு."

வள்ளித்தாய் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பசை காய்ந்த விரல்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்குக் கதையா எழுதுனீக?" என்று கேட்டேன்.

"உள்ளயே வச்சிருந்தா செத்துருவேன் போல இருந்துச்சு தம்பி. நூறு வருசம் தள்ளி வச்சுட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாகன்னு நெனச்சேன். கடைசி அத்தியாயத்துல அந்தக் கெழட்டு இயந்திரம் பூட்டத் தொறந்து விட்டுரும். ஆறு பேரும் வெளிய வந்துருவாக. அத மட்டும் இன்னும் சொல்லி முடிக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தாளில் திறந்துவிடுவாராம்! என் அம்மா அங்கே தனி நிரையில் நிற்கிறாள்.

"எனக்கு உங்க நாவல் வேண்டாம். நடந்தத எழுதி உங்க பேரப் போட்டுக் குடுங்க. எங்க ஊரு அம்மன் கோயில் முன்னால வச்சு அஞ்சு குடும்பத்துக்கும் நான் படிச்சுக் காட்டணும்."

"எழுதித் தாரேன். பேரு வேண்டாம் தம்பி. புள்ளைக்கு வேல போயிரும். ஊருல தலகாட்ட முடியாது."

"பேரில்லாத மொட்டக் கடுதாசிய எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்."

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுதுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதினாலும் ஏமாற்றுவார் என்றுதான் நினைத்தேன்.

வள்ளித்தாய் எழுந்தாள். கடைசி அத்தியாயத்துக்காக வைத்திருந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து, எப்போதும் எழுதுகிற இடத்தில், கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை.

"சொல்லுங்கப்பா."

"தாயீ..."

"இத்தன நாளு சொன்னீகள்ல? நான் எழுதுனேன்ல? இதையும் சொல்லுங்க." மேலே தேதி போட்டாள். 'அச்சங்குளம் சோலைச்சாமியாகிய நான்' என்று அவளே தொடங்கிவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணே, மத்த அஞ்சு பேரு பேரும் சொல்லுங்க."

சொன்னேன். ஆறு பெயரையும் எழுதினாள். இன்ஸ்பெக்டர் கார் வந்ததை எழுதினாள். பூட்டை எழுதினாள். ஒவ்வொன்றையும் அவர் தயங்கித் தயங்கிச் சொல்ல, அவள் மாற்றாமல் எழுதினாள்.

"உள்ள இருந்து சத்தம் கேட்டுச்சாப்பா?"

அவர் சுருண்ட வலது கையை மடிக்குள் இழுத்து வைத்தார்.

"கதவத் தட்டுனாக. வெயிலுக்குத் தகரம் கொதிக்குதுல்ல. அந்தக் கருப்பம்மா புள்ளதான் கூப்புட்டுச்சு. 'சோலையண்ணே, தொறங்கண்ணே, மருந்து பொகையுது'ன்னு."

வள்ளித்தாய் அதை எழுதினாள்.

"நீங்க என்ன செஞ்சீக?"

"இன்ஸ்பெக்டர் பக்கத்துல நின்னு கலர் சோடா குடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவுக காதுல விழுந்துரக் கூடாதுன்னு..." கிழவர் கட்டில் சட்டத்தைப் பற்றினார். "இருமுனேன் தாயீ. தட்டத் தட்ட, சத்தமா இருமுனேன்."

பேனா நின்றது. அவள் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அதையும் எழுதி முடித்து, அடியில் அவர் பெயரை முழுசாகப் போட்டு, அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்துப் பெருவிரலில் மை தடவினாள்.