கரையில் யார் யார்

இறந்துபோன அப்பாவின் கட்டைவிரலைத் தூக்கி ஃபோனின் மேல் வைத்து அழுத்தினாள் மகள். திரை திறக்கவில்லை. விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அழுத்தினாள். அந்த விரல் இன்னும் கதகதப்பாக இருந்ததுதான் அவளை மிரள வைத்தது. நர்ஸ் குழாய்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"என்னடி பண்றே?"

அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். திருடும்போது பிடிபட்டவள்போல் மகள் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

"சொந்தக்காரங்க நம்பர் எல்லாம் இதுலதாம்மா இருக்கு."

"என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா? ஒண்ணு, ஒண்ணு, நாலு, பூஜ்யம்."

"அது என்ன நாள்?"

"நாளும் இல்ல, கிழமையும் இல்ல. அவர் பிடிச்சதுலயே பெரிய மீனு. பதினொரு கிலோ நானூறு. கல்யாண நாளை வெச்சிருப்பார்னு நெனச்சியா?" அம்மா சிரிக்கப் போவதுபோல் உதட்டைக் கோணினாள். அது பாதியில் வேறெங்கோ போய்விட்டது.

மூன்று நாளாக அந்த ஃபோன் மகளின் கைப்பையில் அணைந்து கிடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த மனிதருக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று அவளேதான் அணைத்தாள். இப்போது மறுபடி ஆன் செய்து எண்ணைப் போட்டதும் அது கையில் புழுபோல நெளிந்து அதிர ஆரம்பித்து, நிற்கவே இல்லை. தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று. எல்லாம் இரண்டே இரண்டு பேரிடமிருந்து. ஒருவர் பெயர் 'கெளுத்தி'. இன்னொருவர் 'மிதவை'.

"உங்கப்பாவோட மீன்காரங்க" என்றாள் அம்மா. "சொல்லிடு. இல்லேன்னா விடமாட்டாங்க."

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே கணினியில் தூண்டில்காரர்களுக்கென்று ஒரு குழு தொடங்கினார். நல்ல காலத்தில் நானூறு பேர் இருந்தார்கள், எல்லாரும் புனைபெயர்களில். எந்தக் கொக்கி, எந்த இரை, தப்பிப் போன மீன் எவ்வளவு நீளம் என்று நாளெல்லாம் எழுதித் தள்ளுவார்கள். பிறகு இளவட்டங்கள் வீடியோ பக்கம் போனார்கள். சிலர் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். சிலர் சொல்லிக்கொள்ளாமல் நின்றுபோனார்கள், அவர்களில் பலர் இறந்தே போயிருந்தார்கள் என்பதை அப்பா பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொள்வார். நாற்பதானது, பன்னிரண்டானது. கடைசி இரண்டு வருடமாக மூன்று பேர்தான். "மூணு பேருக்கு எதுக்குப்பா ஒரு குழு? மூடிட்டு வேற வேலையப் பாருங்க" என்று அவளே ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை விட்டுவிட்டு, அம்மாவும் அவளும் வீட்டுக்கு வந்தார்கள். உடல் வர மதியம் ஆகும் என்றார்கள். சித்தப்பா நாற்காலி சொல்லப் போயிருந்தார். மகள் அப்பாவின் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். 'அப்பா காலமானார்' என்று இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

குழுவின் முதல் பக்கத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா போட்ட ஒரே வரி, மேலிருந்து கீழ்வரை வரிசையாக நின்றது. 'கரையில் யார் யார்?' ஒவ்வொன்றுக்கும் கீழே, 'கெளுத்தி ஆஜர்', 'மிதவை ஆஜர்'. அவ்வளவுதான். மீன் பேச்சே இல்லை. மாதக்கணக்கில் பின்னால் போய்ப் பார்த்தாள். ஆஜர், ஆஜர், ஆஜர்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அப்பா திரும்பத் திரும்ப முனகியது நினைவுக்கு வந்தது. "ஆறு மணி... ஆறு மணி பாரு." மருந்து வேளையைக் கேட்கிறார் என்று நினைத்து, "மணி பத்துப்பா, தூங்குங்க" என்று சொல்லியிருந்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசிப் பதிவுகளைப் படித்தாள்.

நான்கு நாளுக்கு முன் மாலை, லிஃப்ட் என்ற பெயரில் அப்பா: 'நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. வாயுவாக இருக்கும்.'

மறுநாள் காலை கெளுத்தி: 'லிஃப்ட் இன்னும் எழுந்திருக்கவில்லையா? மணி ஏழு.' பிறகு மதியம்: 'ஃபோனும் அணைந்திருக்கிறது. எனக்கு மனசு சரியில்லை.' அதற்குப் பின் கெளுத்தியிடமிருந்து ஒரு சொல் இல்லை.

நேற்று முன்தினம் மிதவை: 'கெளுத்தி, நீயாவது கை தூக்கு.'

நேற்று மிதவை: 'யாராவது இருக்கிறீர்களா? பயமாக இருக்கிறது.'

இன்று காலை ஆறு மணிக்கு மிதவை எழுதியிருந்தது வெறும் ஒரு புள்ளி.

கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது, அப்பாவின் குண்டுக் கையெழுத்தில். 'கெளுத்தி. தனி ஆள். சர்க்கரை. ஏழுக்குள் ஆஜர் இல்லையென்றால் ஃபோன். எடுக்காவிட்டால் கீழ்க்கடைத் தையல்காரர், சாவி அவரிடம்.' கீழே முகவரி. இதே ஊர்தான், காரில் இருபது நிமிடம். 'மிதவை. வெளியூர். முழங்கால் போய்விட்டது. எதிர் வீட்டில் மருந்துக்கடைக்காரர்.' அப்பாவுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று அந்த அட்டையில் எதுவும் இல்லை.

அப்பாவின் ஃபோனிலிருந்து கெளுத்தியை அழைத்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும், மறுபடியும். பிறகு மிதவையை அழைத்தாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

"லிஃப்டு! எங்கய்யா போன? உயிரே போயிடுச்சு எனக்கு!"

வயதான பெண் குரல். மிதவை ஒரு பெண் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"நான்... அவரோட மக பேசறேங்க."

அந்தப் பக்கம் டி.வி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போ?" என்றது குரல், வேறு எதையும் கேட்காமல்.

"இன்னிக்குக் காலைல. ஏழு மணிக்கு."

"சரிம்மா." நீளமாக ஒரு மூச்சு. "கெளுத்தி?"

"எடுக்க மாட்டேங்கிறார்."

"என்னால வாசப்படி தாண்ட முடியாதும்மா. இன்னிக்கு உன்கிட்ட இதைக் கேக்கறது அநியாயம்தான். ஆனா அவன் அங்க விழுந்து கெடந்தா..."

வரவேற்பறையில் சித்தப்பா நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையை விரித்தார். "இன்னிக்கா? உடம்பு வர்ற நேரத்துலயா? யாருன்னே தெரியாத ஆளுக்கு? போலீசுக்குச் சொல்லிட்டு விடு பாப்பா."

"அவங்க எப்ப வருவாங்க சித்தப்பா?"

அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "கூட்டிட்டுப் போங்க. உங்கண்ணன் இருந்தா லுங்கியோட ஓடியிருப்பார்."

சித்தப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பயிற்சிக் காரில்தான் போனார்கள். பக்கத்து இருக்கையிலும் பிரேக் இருக்கும் வண்டி அது. ஒவ்வொரு திருப்பத்திலும் கார் முட்டி முட்டி நின்றது.

"காலை எடு பாப்பா. நீ பிரேக்கை மிதிக்கிற."

"நான் மிதிக்கல."

"நான் இருபத்தஞ்சு வருஷமா இதே வண்டியில உக்காந்திருக்கேன். பயந்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

அவள் காலை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க ஒரு மனிதன் குளியலறைத் தரையில் கிடந்தால் என்ன ஆகும்? இரண்டு நாள் கிடந்தால்? ஃபோனை அணைத்தது அவள் கை.

தையல்காரர் ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"மூணு நாளைக்கு முன்னாடி வேகவேகமா படியிறங்கிப் போனாரு. திரும்பி ஏறின சத்தம் கேக்கல. ஆனா மிஷின் ஓடறப்ப ஏறியிருந்தா எனக்கு எங்க தெரியும்? ஏரிக்குப் போயிருப்பாருன்னு இருந்துட்டேன்." பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துச் சாவியைத் தேடி எடுத்தார். எடுத்தவர் அதை அவளிடமே கொடுத்தார். அவர் மேலே வரவில்லை.

மூன்றாவது மாடி. கதவுக்கு முன்னால் நின்று அவள் மறுபடியும் அந்த எண்ணை அழைத்தாள்.

உள்ளே மணியடித்தது.

சித்தப்பா அவள் முழங்கையைப் பிடித்தார். கதவின் அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் நகருகிற சத்தம் இல்லை. அவள் அழைப்பை வெட்டினாள். இப்போது வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள், அப்படிச் செய்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

சாவியை இரண்டு தரம் தப்பாக நுழைத்து, மூன்றாம் தரம் திறந்தாள்.

ஒற்றை அறை. கட்டிலில் போர்வை நான்காக மடித்து வைத்திருந்தது. மூலையில் தூண்டில்கள் மூன்றும் சாய்ந்து நின்றன. ஏரிக்குப் போகவில்லை. மேசையில் ஃபோன், சார்ஜரோடு. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

"நீங்க திறங்க சித்தப்பா."

"நீ திற பாப்பா. எனக்குக் கால் வரல."

அறுபது வயது மனிதர் அதைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளினாள். கதவு எதிலோ இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். ஒரு வாளி. தண்ணீரில் தூண்டில் நரம்புச் சுருள் ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

சித்தப்பா கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். அவள் மேசைக்கு வந்தாள். ஃபோனுக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. வயதானவர்களின் நடுங்கும் எழுத்து. தலைப்பு 'லிஃப்ட்'. அதன் கீழே 'பெயர்: ?' என்றும், 'வயது 69' என்றும், 'இடது கை நடுவிரலில் நுனி இல்லை' என்றும் இருந்தது. அதற்கும் கீழே ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரில் பஸ் எண். மொத்தம் பதினான்கு. அப்பா கிடந்த ஆஸ்பத்திரி பதினொன்றாவது.

"என்ன பாப்பா அது?"

காகிதத்தை அவரிடம் நீட்டினாள். அதற்குப் பக்கத்திலேயே பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்தன. அவசரத்தில் ஃபோனையும் இந்தக் காகிதத்தையும் மட்டுமல்ல, மருந்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்று நாள். சர்க்கரைக்காரர். எந்த பஸ்ஸில், எந்த பெஞ்சில், எந்த ஊர் ஓரத்தில் விழுந்து கிடக்கிறாரோ என்று அவள் மனம் பதினான்கு இடங்களுக்கும் ஒரே நேரத்தில் ஓடியது.

அப்போதுதான் தம்பி அழைத்தான்.

"அக்கா, இங்க ஒரு பெரியவர் வந்திருக்கார். கவுன்ட்டர்ல யாரைத் தேடறீங்கன்னு கேட்டா பேர் தெரியாதுங்கிறார். லிஃப்ட் மெக்கானிக், விரல் நுனி இல்லாதவர்ங்கிறார். நான் அவர் மகன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சவர் விடவே இல்லக்கா. வேர்த்துக் கொட்டுது, கை ஜில்லுன்னு இருக்கு. டாக்டரைக் கூப்பிட்டா வேணாங்கிறார், அப்பாகூடவே வரணுமாம். யாருக்கா இவரு?"

"விட்டுடாதே. எதாவது இனிப்பா வாங்கிக் குடு. கூடவே கூட்டிட்டு வா."

"எதுலக்கா? அப்பா வண்டி கிளம்பப் போகுது."

"அந்த வண்டியிலதான்டா."

திரும்பி வரும்போது அவள் பிரேக்கை மிதித்தாளா இல்லையா என்று சித்தப்பா சொல்லவில்லை. வழியிலேயே மிதவையை அழைத்து, "இருக்கார்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் அழத் தொடங்கியது. ஃபோனை வைக்க இருவருக்கும் மனம் வராமல் இணைப்பு அப்படியே இருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி முன்பே வந்திருந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் நாற்காலிகளில் அக்கம்பக்கத்தார். தலைமாட்டில், யாருக்கும் யாரென்று தெரியாத ஓர் ஒல்லி மனிதர், மூன்று நாள் சட்டையோடு, நின்றுகொண்டிருந்தார். ஆறு வருடம் தினமும் எழுதிப் பேசிய மனிதரின் முகத்தை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"உங்க மாத்திரை, உங்க ஃபோன்" என்று நீட்டினாள் மகள். அவர் அவற்றைப் பார்க்கவேயில்லை. "பத்து ஆஸ்பத்திரி பார்த்துட்டேம்மா" என்றார். "அந்த ஆஸ்பத்திரிக்கு முதல்லயே போயிருக்கணும். பஸ் மாறணுமேன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

அப்பாவின் ஃபோனை அவர் காதில் வைத்தாள். "மிதவை" என்றாள்.

"நான்தான்" என்றார் அவர். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். அப்படி நின்றபடியே ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினார்.

மகள் கத்துவதற்குள் அம்மா வந்துவிட்டாள். காலையிலிருந்து எதற்கும் எழாதவள், அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். அவர் யோசித்தார்.

அப்பாவை மயானத்துக்குக் கொண்டுபோகக் காத்திருந்த வண்டி டிரைவர் வாசலில் வந்து நின்றான். "நேரமாகுதுங்க."

"இருப்பா" என்றாள் அம்மா. "இவர் சாப்பிட்டு முடிக்கட்டும்."

பழக்கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தாள். ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் வைத்தாள். அவர் ஒரு கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி மென்றார். விதைகளை எங்கே துப்புவது என்று தெரியாமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

அம்மா தன் உள்ளங்கையை விரித்து அவர் வாய்க்குக் கீழே நீட்டினாள்.