பால் சுரந்த சுல்தான்

சுல்தான் செத்தது லாரியில் அடிபட்டு. போதைக்கு மெல்லுகிற சாத் இலை வாடுவதற்குள் சந்தையில் இறக்கிவிட வேண்டும் என்று தலைதெறிக்கப் பறக்கிற லாரிகளுக்குச் சுல்தானும் ஒன்றுதான், சாக்கடை மேடும் ஒன்றுதான். ஹரார் நகர மதிலுக்கு வெளியே, குன்றுக்குப் போகிற சாலையோரத்தில், பல வருஷமாக ஊரின் நல்லது கெட்டதைச் சொல்லிவந்த அந்தக் கழுதைப்புலி நாலு காலையும் நீட்டிக் கிடந்தது. செய்தி கேட்ட ரெத்வான் தன் செல்போன் ரிப்பேர் கடையைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டு ஓடினான். துக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடும்போதே அவன் மனம் ஆஷூராவுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

ஆஷூரா மாலையில் குன்றின்மேல் உள்ள தர்காவில் சோளக் களி கிண்டி, வெண்ணெயும் தேனும் ஊற்றிக் கழுதைப்புலிகளுக்கு வைப்பது ஊர் வழக்கம். கூட்டத்தின் தலை முதலில் வாய் வைக்கும். பாதிக்கு மேல் தின்று மிச்சம் வைத்தால் நல்ல வருஷம். வழித்து நக்கிவிட்டால் பஞ்சம். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டால் அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் தொண்டையில் சோறு இறங்காது. களியை வைப்பவர் தர்காக் காவலர். அவரைப் பெரியவர்கள் நியமிப்பதில்லை, நியமிப்பதாக நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தலைமைக் கழுதைப்புலி யார் கையால் வைத்ததைத் தின்கிறதோ அவரே காவலர். அவர் வந்து உட்காராமல் எந்தக் கல்யாணத்திலும் விருந்து தொடங்காது. அவர் நடந்து வந்தால் பணக்காரன்கூட எழுந்து இடம்விடுவான்.

இப்போதைய காவலர் கெலில், ரெத்வானின் பெரியத்தா. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் வரும் ஆஷூராவோடு விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. பெத்ரியா என்று ஒரே மகள். ஆகவே அடுத்தது தம்பி மகன் ரெத்வான்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை, ரெத்வானுக்குச் சுத்தமாக இல்லை. குறுக்கே நின்றது சுல்தான் ஒன்றுதான். எவ்வளவு எலும்பு போட்டாலும் அது அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தச் சுல்தான் இப்போது சாலையோரத்தில் கிடந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

அங்கே அவனுக்கு முன்பே மூன்று பேர் நின்றார்கள். கைத்தடியோடு கெலில், ஊருக்கெல்லாம் பெரியவரான ஹம்தூன் ஷேக், வெறிநோய் உண்டா என்று பார்க்க வந்த கால்நடை டாக்டர் ட்ஸெஹாய். டாக்டர் குனிந்து வயிற்றைத் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

"இது பொட்டைங்க."

ஹம்தூன் ஷேக் சுற்றுமுற்றும் பார்த்தார். "டாக்டரம்மா, நல்லா பாத்துச் சொல்லுங்க. ஆம்பளைக்கு உள்ளது அத்தனையும் தொங்குதே."

"இந்த ஜாதியில பொட்டைக்கும் அப்படித்தான் இருக்கும், ஷேக். உலகமே ஏமாந்துருக்கு, நீங்க ஏமாந்ததுல என்ன தப்பு? இத பாருங்க." அவள் ஒரு காம்பை அழுத்தினாள். பால் வந்தது.

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று ஹம்தூன் ஷேக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுல்தானைப் பார்க்கக் கூடாத கோலத்தில் பார்த்துவிட்ட கூச்சம் அவர் முகத்தில் இருந்தது.

"பால் இருக்குன்னா எங்கயோ குட்டி இருக்கு," என்றாள் டாக்டர். "இதுங்க கூட்டத்துல பொம்பளைங்க ராஜ்யந்தான். தாய் போனா கடைசியாப் பொறந்த பொட்டைக்குட்டிக்குத்தான் பட்டம். அக்காமாரெல்லாம் அதுக்குக் கீழ. ஆம்பளைங்க வேற கூட்டத்துலேருந்து பொழைக்க வந்ததுங்க, அந்தக் குட்டி தின்னு முடிச்ச பெறகுதான் அதுங்களுக்கு."

ரெத்வானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடைசிப் பொண்ணுக்குப் பட்டமா? டாக்டரம்மா, நீங்க படிச்சது அடிஸ் அபாபாவுல. இது ஹரார்."

"அது கழுதைப்புலிக்குத் தெரியாதே, தம்பி," என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ஹம்தூன் ஷேக் குரலைத் தாழ்த்தினார். "இது நம்ம மூணு பேரோட போவட்டும். வெளிய தெரிஞ்சா, இத்தன வருஷமா ஒரு பொம்பளை பேச்சையா கேட்டுக்கிட்டிருந்தீங்கன்னு நாலு பேரு கேப்பான்."

"வீட்டுல கேக்கறோம்ல?" என்றார் கெலில்.

"அது வீடு, கெலில்."

வெள்ளைத் துணியில் சுற்றி, குன்றின் அடிவாரத்தில், சுல்தான் என்றே அடக்கம் செய்தார்கள்.

அன்று மாலையே ரெத்வான் வேலையைத் தொடங்கிவிட்டான். அடுத்த சுல்தானை இப்போதே கைக்குள் போட்டுக்கொண்டால் ஆஷூராவில் காரியம் சுலபம். கறிக்கடையிலிருந்து ஒட்டக எலும்பு வாங்கி, மதிலுக்கு வெளியே குப்பைமேட்டில் போய் உட்கார்ந்தான். மற்றவை தூரத்தில் நின்று உறுமின. ஒன்று மட்டும், கிழிந்த காதும் தடித்த கழுத்துமாக, நேராக வந்து அவன் கையிலிருந்தே எலும்பை வாங்கிக்கொண்டது. ரெத்வானுக்குப் புல்லரித்தது. இதல்லவா வீரம் என்று நினைத்து அதற்குத் தளபதி என்று பேர் வைத்தான். கூட்டத்துப் பெட்டைகள் அதை வேறு எங்கேயும் வாய் வைக்க விடாததால்தான் அது அவனிடம் வந்தது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மாதக்கணக்கில் தளபதி தின்றது, ரெத்வான் மெலிந்தான். கடைக்கு வருகிறவர்களிடம் ரிப்பேருக்கு நடுவே தளபதியின் நடை, தளபதியின் பார்வை, தளபதி எலும்பை உடைக்கிற சத்தம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். ஊர் நம்பியது. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு இது அவல்.

ஒருநாள் அந்தி நேரத்தில் பெரியத்தா வீட்டுக்குப் போனபோது, மதிலோடு ஒட்டின முற்றத்தில் பெத்ரியா களிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கழுதைப்புலிகள் ஊருக்குள் வந்துபோகவென்றே மதிலில் விட்டிருக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில், காது மட்டும் வளர்ந்து உடம்பு வளராத ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் திட்டிக்கொண்டே சுரண்டலை எடுத்துப் போட்டாள்.

"பறக்காத. உனக்குத்தானே போடுறேன்? ஓதுற புள்ள இப்படியா அள்ளி முழுங்கும்?"

ஹராரில் கழுதைப்புலியை அதன் முகத்துக்கு நேரே பேர் சொல்ல மாட்டார்கள். ஓதுற பிள்ளை என்பதுதான் மரியாதை.

"இந்தச் சவலைக்கு ஏன்க்கா போட்டு வீணாக்குற?" என்றான் ரெத்வான்.

"தாயில்லாப் புள்ள. வந்து உக்காருது, போடுறேன்."

"போடுறதுன்னா நாளைக்குப் பட்டத்துக்கு வரப் போறவனுக்குப் போடணும்."

"அவனுக்குப் போடத்தான் நீ இருக்கியே. அத்தா சட்டையக்கூட அளவு பாத்துட்டியாமே, தையக்காரன் சொன்னான்."

ரெத்வானுக்குச் சுருக்கென்றது. அவள்மேல் எறிய முடியாததால் ஒரு கல்லை எடுத்துக் குட்டிமேல் எறிந்தான். கல் முதுகில் பட்டது. குட்டி ஓடவில்லை. தலையைத் திருப்பி அவனை நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. எங்கேயோ பார்த்த பார்வைபோல இருந்தது அவனுக்கு. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

ஆஷூரா வந்தது. அந்தி மஃரிப் தொழுகை முடிந்து குன்றின்மேல் கூட்டம் நிறைந்தது. பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம், குழந்தைகள் இரண்டு பக்கமும். வழக்கம்போலப் பெத்ரியாதான் களி கிண்டினாள். கிண்டுவது பெண் வேலை. வைப்பதுதான் ஆண் வேலை. புதுச் சட்டையும் தொப்பியுமாக ரெத்வான் களி நிரம்பிய மரவையைத் தூக்கிக்கொண்டு போய், பாறைமேல் வைத்து, வெண்ணெயையும் தேனையும் தாராளமாக ஊற்றினான். கெலில் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

புதருக்குள் சலசலத்தது. தளபதி வந்தது. "அதோ, அதோ," என்று கூட்டம் கிசுகிசுத்தது. ரெத்வான் எட்டுகளை எண்ணினான். இன்னும் இரண்டு எட்டு, ஒரு வாய், பிறகு வாழ்நாளெல்லாம் கல்யாண வீட்டில் முதல் இடம். தளபதி மரவைக்கு மேல் மூக்கை நீட்டியது.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து அந்தச் சவலைக் குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னே, தளபதியைவிடப் பருத்த இரண்டு கழுதைப்புலிகள் மெய்க்காவல்போல வந்தன. தளபதி குட்டியைப் பார்த்தது. காதை மடக்கியது, தலையைத் தாழ்த்தியது, பல்லை இளித்தது, வாலைக் கவட்டுக்குள் விட்டுக்கொண்டு ரெத்வானின் காலடிக்கே வந்து படுத்துவிட்டது.

குட்டி மரவையிடம் போனது. மோந்தது. அதில் என்ன வாசம் அடித்ததோ, ரெத்வானை ஒருமுறை பார்த்துவிட்டு மரவையைத் தாண்டி நடந்தது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். அது நேராகப் பெண்கள் பக்கம் போனது. அடுப்படியில் குந்தி, அடிப்பிடித்த களியைச் சுரண்டிக்கொண்டிருந்த பெத்ரியாவின் சட்டிக்குள் தலையை விட்டது.

"பறக்காத," என்றாள் பெத்ரியா பழக்க தோஷத்தில். பிறகுதான் ஊரே தன்னைப் பார்ப்பதைக் கண்டு கரண்டியைக் கீழே வைத்தாள்.

குட்டி பாதிக்குக் கொஞ்சம் மேலே தின்றது, மூக்கை நக்கிக்கொண்டது, மிச்சத்தை விட்டுவிட்டு நகர்ந்தது. நல்ல வருஷம்! பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்களுக்குக் குலவையிடுவதா கூடாதா என்று தெரியவில்லை.

"செல்லாது!" என்று ரெத்வான் கத்தினான். "இது செல்லாது, ஷேக்! அது சுல்தானே இல்ல. வெறும் பொட்டைக்குட்டி!"

ஹம்தூன் ஷேக்கின் முகம் இறுகியது. "பொட்டைன்னு யார்ரா சொன்னா?"

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல? கடைசிப் பொட்டைக்குட்டிக்குத்தான் பட்டம்னு. நீங்களுந்தானே பக்கத்துல நின்னீங்க? பால்கூட வந்து..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ன பாலு? யாருக்கு வந்துச்சு?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

கெலில் கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். ரெத்வானின் காதருகே வந்து, ஷேக்குக்கும் அவனுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சத்தம் போடாத, தம்பி. நிதானமாச் சொல்லு. அது பொட்டைன்னா, பட்டம் தாய்கிட்டேருந்து பொண்ணுக்கு வந்துருக்கு. அதுதான் இந்தக் குன்னோட சட்டம்னா என் எடமும் என் பொண்ணுக்குத்தான். இல்ல, அது ஆம்பளை, ராஜா வூட்டுப் புள்ளைன்னா, அந்த ராஜா வூட்டுப் புள்ள என் பொண்ணு சட்டியில வாய வெச்சிருச்சு. எது உனக்குத் தோதுன்னு சொல்லு, அதையே ஊருக்குச் சொல்லிப்புடலாம்."

ரெத்வான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஹம்தூன் ஷேக்குக்கோ அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. சுல்தான் பெண்ணாக இருந்தார் என்று ஊருக்குச் சொல்வதா, தர்காவுக்கு ஒரு பெண்ணைக் காவலராக்குவதா? முதலாவதை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. இத்தனை வருஷ வெள்ளாமைக்கும் மழைக்கும் யார் பதில் சொல்வது? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜமாஅத்தாரே! சுல்தானின் மகன், இளைய சுல்தான், நம்ம பெத்ரியாவோட கையை ஏத்துக்கிட்டார். ஆம்பளைச் சிங்கம் மாதிரி வந்து சாப்பிட்டத எல்லாரும் பாத்தீங்க. இனி காவலர் பெத்ரியா. ஃபாத்திஹா ஓதுங்க."

எல்லோரும் ஓதினார்கள். ஆண்குலத்தின் மானம் காப்பாற்றப்பட்டது. அதற்காக ஒரு பெண்ணைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியிருந்தது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் எழுந்து இடம்விட்டவர் ஷேக்தான்.

ரெத்வானுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதம் குப்பைமேட்டில் உட்கார்ந்தவன் அவன். எலும்பு சுமந்து சட்டையெல்லாம் நாறியது அவனுக்கு. யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. போய்விடலாம் என்றால், காலடியில் படுத்திருந்த தளபதி நகர மறுத்தது.

இளைய சுல்தான் திரும்பி வந்து, காவல் வந்த இரண்டோடும் பாறை மரவையில் தின்றுகொண்டிருந்தது. பிறகு மற்றப் பெட்டைகள், பிறகு அவற்றின் குட்டிகள். இங்கே முதல் பிடி காவலருக்கு. பெத்ரியா சாப்பிட்டாள், பிறகு அவள் அத்தா, பிறகு பெரியவர்கள், பிறகு ஊர். கடைசியில் அவள் ஒரு கிண்ணத்தில் களியை எடுத்துக்கொண்டு ரெத்வானிடம் வந்தாள்.

"இந்தா, சாப்புடு. கோவத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

"மிச்சமா?"

"மிச்சந்தான். ஆனா வெண்ணெய் போட்டுருக்கேன். சாப்புட்டுட்டுச் சட்டியக் கழுவி வெச்சுரு, அடுத்த வருஷம் தூக்கிட்டு வர ஆள் வேணும்ல?"

அந்த நேரம் மரவையைச் சுற்றி நின்றவை ஒவ்வொன்றாக விலகின. தளபதி எழுந்து, காதை மடித்துக்கொண்டு, யாராவது உறுமுகிறார்களா என்று பார்த்துப் பார்த்துப் பாறைப் பக்கம் போனது. ரெத்வான் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான், தலையைக் குனிந்தபடி கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.