போர்வை போர்த்திய தாழிகள்

தாய்யுவானில் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் காலைப் பேருந்தில் வந்து இறங்கிய ருய்ஃபென், தெருச் சாக்கடை உறைந்து கிடப்பதைப் பார்த்ததும் கிட்டத்தட்ட ஓடினாள்.

அவளுடைய சோள வினிகருக்கு இது மூன்றாவது குளிர்காலம். இதுவரை வெதுவெதுப்பாகவே கழிந்துவிட்டது. நேற்று இரவுதான் ஒருவழியாகக் கடுங்குளிர் வந்திருக்கிறது. தாழியில் மேலாக உறையும் பனிக்கட்டியை அள்ளி எறிந்தால் தண்ணீர் போய்விடும், புளிப்பும் மணமும் அடியில் தங்கும். நாளை மறுநாள் வினிகர்ச் சங்கத்திலிருந்து ஹாவ் அக்கா சோதிக்க வருகிறாள். ஆறு தாழியும் தேறினால்தான் 'பழைய வினிகர்' என்ற முத்திரையும், அதில் ருய்ஃபென்னின் பெயரும்.

கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஐந்து தாழிகள் மேல் வீட்டுப் பஞ்சுப் போர்வைகள் அத்தனையும் கிடந்தன. கயிறு வேறு கட்டியிருந்தது.

மாவ்லின் தேநீர்க் குவளையோடு வந்தான். தெற்கே தேயிலை மலையில் பிறந்து, எட்டு மாதம் முன்பு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன்.

"வந்துட்டியா? நல்லவேளை, சாயங்காலமே மூடிட்டேன். ஆறாவதுக்குத்தான் போர்வை இல்ல."

அவள் ஒரு போர்வையை இழுத்தெறிந்தாள். வினிகர் கறுப்பாகத் தளும்பியது. ஒரு கீற்றுப் பனிக்கட்டி இல்லை.

"யாருங்க உங்கள மூடச் சொன்னது?"

"பனி விழுந்தா மூட வேணாமா? கொழுந்து ஒரு ராத்திரி பனியில கருகிடுச்சுன்னா, எவ்வளவு பக்குவமா வறுத்தாலும் டீ கசக்கும்."

"இது கொழுந்தா? வினிகருங்க! உறையணும்!"

"கோடை மழையில நீதானே சொன்ன? வானத்துலேர்ந்து எது விழுந்தாலும் மூடிடுங்கன்னு."

சொல்லியிருந்தாள். இதே வார்த்தைகளில். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஆறாவது தாழியில் விரல் கனத்துக்கு உறைந்திருந்ததை அள்ளி எடுத்தாள். அன்று இரவு எல்லாவற்றையும் திறந்தே வைத்தாள். குளிர் போனது போனதுதான்.

ஹாவ் அக்கா வந்து ஆறாவதை நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இது வினிகர்." மற்ற ஐந்துக்கும் உதட்டைப் பிதுக்கினாள். "தண்ணி நிக்குது. அடுத்த வருஷம் வரேன்."

"அந்த ஒண்ணுக்காவது முத்திரை போடக் கூடாதாக்கா?"

"ஆறும் சேர்ந்தாத்தான் ருய்ஃபென். தெரியாதா உனக்கு?"

ஹாவ் அக்கா போனதும் மாவ்லின் தாழிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மழை பெஞ்சா மூடணும்."

"ஆமா."

"பனி விழுந்தா மூடக் கூடாது."

"கூடாது!"

"ஆலங்கட்டி விழுந்தா?"

ருய்ஃபென் ஒரு போர்வையை எடுத்து அவன் கையில் திணித்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

"பேச்ச நிறுத்திட்டுப் போர்வைய மடிங்க" என்றாள்.